கனவைப் படித்தவர்கள்

இங்கிலாந்தை ஆண்ட அரசர்களில் ஒருவருடைய பட்டப்பெயரை இன்றைய ஆங்கிலேயர்களே பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 978இல் சிறுவனாக அரியணை ஏறிய எதெல்ரெட்டை ‘அன்ரெடி’ என்று அழைப்பது வழக்கம். எதற்கும் ஆயத்தமில்லாத அரசன் என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். டேனியர்கள் கப்பல்களில் வந்து இறங்கிய போதெல்லாம் பொன்னும் வெள்ளியும் கொடுத்து அனுப்பியவர் என்பதால் அந்தப் பொருளும் அவருக்குப் பொருந்தியே விடுகிறது. 991இல் மால்டன் போருக்குப் பின் 10,000 பவுண்டு, 1012இல் 48,000 பவுண்டு என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு கணக்கு எழுதி வைத்திருக்கிறது. ஆனால் பட்டப்பெயரின் மூல வடிவம் ‘அன்ரேடு’. ரேடு என்றால் ஆலோசனை. எதெல்ரெட் என்ற பெயருக்கே ‘உயர்ந்த ஆலோசனை’ என்றுதான் பொருள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆலோசனை கெட்டவன்’ என்று ஒரு சொல்லை வைத்தபோது, அவருடைய முப்பத்தெட்டு ஆண்டு வரலாறு இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது. பட்டப்பெயர் அவர் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழிந்த பிறகே எழுத்தில் கிடைக்கிறது. என்றாலும் கசப்பு அவர் காலத்திலேயே தொடங்கியது. நாட்டுக்கு நேர்ந்த துயரமெல்லாம் கெட்ட ஆலோசனைகளால் வந்தது என்று 1011ஆம் ஆண்டுப் பதிவில் குறிப்பேட்டை எழுதியவர் புலம்புகிறார். அங்கே அவர் பயன்படுத்துவதும் இதே அன்ரேடு என்ற சொல்தான்.

அந்த ரேடுக்குரிய வினைச்சொல் ரேடன். ஒலி சற்றே மாறி, இன்று ஆங்கிலம் கற்கும் குழந்தை முதல் வகுப்பிலேயே சந்திக்கும் ‘ரீட்’ ஆகியிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ஆலோசனை சொல்வதும் ரேடன், கூடிப் பேசி முடிவெடுப்பதும் ரேடன், ஆள்வதும் ரேடன். புதிர் விடுவிப்பதற்கும் கனவுக்குப் பலன் சொல்வதற்கும் அதே வினை. கடைசியாக, தோலில் எழுதப்பட்ட எழுத்துகளைப் பார்த்துச் சொற்களாக்குவதற்கும் அதுவே. நார்மானியர் வந்த பிறகு, 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான இடைக்கால ஆங்கிலத்தில் ஆட்சிப் பொருள் மங்கிப்போனாலும் மற்றவை உயிரோடு இருந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1952 முதல் 2001 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இடைக்கால ஆங்கில அகராதியில் ரேடன் என்ற பதிவைப் படித்துக்கொண்டு போகிறவர், ஒரு வினைச்சொல்லுக்குள் ஒரு சமூகமே நடமாடுவதைக் காணலாம். பாதிரியார் பூசை வாசிக்கிறார். தோழி காதலுக்கு யோசனை சொல்கிறாள். அரசன் கண்ட கனவுக்குச் சிறைக்கைதி பொருள் உரைக்கிறான். எல்லோரும் செய்வது ஒன்றே என்று அந்த மொழி நினைத்தது. அப்படி நினைத்ததை நான் பிழை என்று கருதவில்லை.

ஐரோப்பாவின் பிற மொழிகள் பெரும்பாலும் இந்த வழியில் போகவில்லை. லத்தீனில் படிப்பதற்கான வினைக்கு அடிப்படைப் பொருள் திரட்டுதல், பொறுக்குதல். ஜெர்மன் மொழியில் படிப்பதற்கு உள்ள சொல்லும் அப்படித்தான், வயலில் கதிர் பொறுக்குவதும் திராட்சை பறிப்பதும் அதே வினைதான். நான்காம் நூற்றாண்டில் விவிலியத்தைக் கோத் மொழிக்குக் கொண்டுவந்த உல்ஃபிலா, வாசிப்பதற்குப் பாடுவது என்ற வினையை எடுத்துக்கொண்டார். ரேடனின் ஜெர்மன் உடன்பிறப்பு ‘ராட்டன்’. யூகிப்பது, ஆலோசனை சொல்வது என்ற இரண்டோடு அது நின்றுவிட்டது. நகரமன்றக் கட்டடத்தை ஜெர்மானியர்கள் இன்றும் ‘ராட்ஹவுஸ்’, அதாவது ஆலோசனை வீடு என்கிறார்கள். அதற்குள் நூலகம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆங்கிலம் ஏன் எழுத்தைப் புதிரோடு சேர்த்தது? அதற்கு வடக்கே ஐஸ்லாந்து வரை போக வேண்டும். எகில் சாகா என்ற பழைய நார்ஸ் கதையில் ஒரு பெண் நோயுற்றுக் கிடக்கிறாள். அவளைக் காதலித்த இளைஞன் ஒருவன் திமிங்கில எலும்பில் ரூன் எழுத்துகளைச் செதுக்கி அவள் படுக்கையில் வைத்திருக்கிறான். அவன் விரும்பியது காதலை. தப்பாகச் செதுக்கியதால் விளைந்ததோ நோய். கதைத்தலைவன் எகில் அந்த எழுத்துகளைச் சுரண்டி எடுத்து, எலும்பைத் தீயிலிட்டு, சரியான எழுத்தை வெட்டி அவள் தலையணைக்கு அடியில் வைக்கிறான். சரியாக விடுவிக்கத் தெரியாதவன் எழுத்தை வெட்டக் கூடாது என்று கவிதையும் சொல்கிறான். அங்கே வரும் வினை ரேடனின் நார்ஸ் வடிவம். சுவீடனின் ரூன் கற்கள் சிலவற்றின் இறுதியிலும், தெரிந்தவன் இதை விடுவிக்கட்டும் என்ற பொருளில் அதே வினை வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்து என்றால் மறைபொருள், அதன் முன் நிற்பவன் அதை அவிழ்க்க வேண்டியவன் என்ற நினைப்பு வட கடலோரம் முழுக்க இருந்தது. எழுதுவதற்கான ஆங்கில வினை ‘ரைட்’ கூட, கீறுவது என்ற பொருளிலிருந்து வந்தது. ஜெர்மானியர்கள் எழுதுவதற்கு லத்தீனிடம் சொல் கடன் வாங்கினார்கள். ஆங்கிலேயர்கள் கீறினார்கள், கீறியதை விடுவித்தார்கள்.

புதிரைக் குறிக்கும் ‘ரிடில்’ ரேடனின் பிள்ளை. பழைய வடிவம் ரேடெல்ஸ். கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று நினைத்து மக்கள் வெட்டிவிட்டார்கள். எக்ஸிட்டர் நகரத் தேவாலயத்தில், 1072இல் இறந்த ஆயர் லியோஃப்ரிக் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதி ஒன்றில் தொண்ணூற்றுச் சொச்சம் பழைய ஆங்கிலப் புதிர்கள் இருக்கின்றன. விடைகள் எழுதப்படவில்லை. சிலவற்றுக்கு அறிஞர்கள் இன்றும் விடை சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது புத்தகத்தைத் தின்ற அந்துப்பூச்சியைப் பற்றிய புதிர். பெரிய மனிதன் ஒருவன் பாடியதை இருட்டில் ஒரு திருடன் விழுங்கினான், விழுங்கிய பிறகும் அவனுக்கு அறிவு கூடவில்லை என்று அது வியக்கிறது. சொற்களை உள்ளே தள்ளுவதும் படிப்பதும் ஒன்றல்ல என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் இதைவிடக் கச்சிதமாகச் சொல்லியிருக்க முடியாது.

ஆல்ஃபிரட் என்ற பெயரிலும் ரேடு இருக்கிறது: வனதேவதைகளின் ஆலோசனை. 871 முதல் 899 வரை ஆண்ட அந்த வெசெக்ஸ் அரசர், கிரகரி போப் ஆயர்களுக்காக எழுதிய நூலை லத்தீனிலிருந்து ஆங்கிலமாக்கி, ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் ஒரு படி அனுப்பினார். வசதியுள்ள, அடிமையல்லாத இளைஞர்கள் எல்லோரும் ஆங்கில எழுத்தை நன்றாகப் படிக்கும்வரை கல்வியில் வைக்கப்பட வேண்டும் என்று முன்னுரையில் கேட்டுக்கொண்டார். படிப்பதற்கு அவர் எழுதும் வினை ரேடனின் கிளைதான். அவரைப் பற்றி ஆசர் என்ற வேல்ஸ் துறவி 893இல் எழுதிய வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. தாய் தன் பிள்ளைகளிடம் ஆங்கிலக் கவிதை நூலொன்றைக் காட்டி, யார் முதலில் இதைக் கற்கிறீர்களோ அவருக்கே தருவேன் என்கிறாள். முதலெழுத்தின் அலங்காரத்தில் மயங்கிய சிறுவன் ஆல்ஃபிரட் நூலை வாங்கிக்கொண்டு ஆசிரியரிடம் ஓடுகிறான், வாசிக்கப்படுகிறது, தாயிடம் திரும்பி வந்து ஒப்பிக்கிறான். வாசித்தது யார்? பன்னிரண்டு வயதுவரை அவனுக்கு எழுத்து தெரியாது என்று அதே ஆசர் சொல்கிறாரே என்று ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். ஆசிரியர் வாசிக்க மாணவன் கேட்டு மனதில் நிறுத்தினால் அதையும் வாசித்தது என்றே அக்காலம் சொன்னது என்பது என் எண்ணம். அந்தச் சிறுவனின் வாசிப்பில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஐந்நூறு ஆண்டு கழித்து, கவிஞர் ஜெஃப்ரி சாசரிடம் வந்தால் இது இன்னும் தெளிவாகிறது. ‘ட்ராய்லஸும் கிரிசேடும்’ காவியத்தின் இரண்டாம் பகுதியில் பாண்டரஸ் தன் மருமகள் கிரிசேடைப் பார்க்கப் போகிறான். கல் பாவிய கூடத்தில் அவளும் வேறு இரண்டு பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு இளம்பெண் தீப்ஸ் நகர முற்றுகைக் கதையை உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறாள். என்ன புத்தகம் என்று அவன் கேட்கிறான். தீப்ஸ் கதையை நாங்கள் படிக்கிறோம் என்கிறாள் கிரிசேட். கண்ணால் ஏட்டைப் பார்ப்பவள் ஒருத்திதான், ஆனாலும் ‘நாங்கள்’. இன்ன சிவப்பெழுத்தில் வந்து நிறுத்தியிருக்கிறோம் என்றும் சொல்கிறாள். கையெழுத்துப் பிரதிகளில் பகுதித் தலைப்புகளைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். எந்த இடத்தில் நின்றோம் என்பது, ஏட்டைக் கையில் வைத்திராத அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நான்கு பெண்கள் ஒரு புத்தகத்துக்குள் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். பாண்டரஸ் வந்து, புத்தகத்தை ஓரம் வை, எழுந்து ஆடலாம் என்கிறான். விதவை நான், குகையில் இருந்து ஜெபித்துப் புனிதர் வரலாறு படிப்பதல்லவா எனக்குத் தகும் என்கிறாள் அவள். பிறகு அவன் மருமகளுக்குச் சொல்லப்போகும் யோசனைகள் அவளை எங்கே கொண்டுபோய் விட்டன என்பது ஐந்து பகுதிக் கதை. அவளுக்கும் அவளைக் காதலிக்கும் ட்ராய்லஸுக்கும் அவன் ஓயாமல் சொல்லும் யோசனைக்கும் சாசரிடம் உள்ள வினை ரேடன்தான்.

ஆனால் இந்த வினை தன் முழு உடம்போடு தெரிவது ‘சீமாட்டியின் நூல்’ என்ற அவருடைய இளமைக் காலக் கவிதையில். 1368இல் லங்காஸ்டர் கோமகள் பிளாஞ்ச் இறந்தார். அவருடைய கணவர் ஜான் ஆஃப் காண்ட், மூன்றாம் எட்வர்ட் அரசரின் மகன். அந்தத் துக்கத்துக்காக எழுதப்பட்டது. கவிதை சொல்பவனுக்கு எட்டு ஆண்டாகத் தூக்கமில்லாத ஒரு நோய். இரவைப் போக்க ஒரு புத்தகம் எடுத்துத் தரச் சொல்கிறான். சதுரங்கத்தைவிட அது மேல் என்று நினைக்கிறான். ஒவிட் சொன்ன பழங்கதை: கடலில் மூழ்கிய அரசன், அவன் வருவான் என்று காத்திருக்கும் அரசி அல்சியோனி. தூக்கத்தின் தெய்வம் இறந்தவனுடைய உடலை எடுத்துக்கொண்டு அவள் கனவில் வந்து நின்று உண்மையைச் சொல்கிறது. மூன்றாம் நாள் அவளும் இறந்துபோகிறாள். இதைப் படித்தவன் அந்தப் புத்தகத்தின் மீதே சாய்ந்து தூங்கிவிடுகிறான். அப்போது ஒரு கனவு. அந்தக் கனவைச் சொல்லத் தொடங்கும் முன் சாசர் நிறுத்தி, இதைப் படிக்க வல்லவர் யாரும் இல்லை என்கிறார். பார்வோனின் கனவைப் படித்த எகிப்து யோசேப்பாலும் முடியாது, சிபியோவின் கனவுக்கு உரை எழுதிய மேக்ரோபியஸாலும் முடியாது. சற்று முன் புத்தகத்துக்குச் சொன்ன அதே வினையைக் கனவுக்கும் சொல்கிறார். இடையில் உள்ளது இருநூற்றுச் சொச்சம் வரி.

கனவுக்குள் அவன் விழிக்கும் அறையின் சாளரங்களில் ட்ராய் கதை வண்ணக் கண்ணாடியாக இருக்கிறது. சுவர்களில் ‘ரோஜாவின் காதை’ மூலமும் உரையுமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. புத்தகத்தின் மீது தூங்கியவன் புத்தகத்துக்குள்ளேயே விழித்திருக்கிறான். வேட்டைக்குப் போகிறான், ஒரு நாய்க்குட்டி வழிகாட்ட, கருவாலி மரத்தடியில் கறுப்பு உடையில் ஒருவன் உட்கார்ந்து பாடுவதைக் கேட்கிறான். என் சீமாட்டி இறந்துவிட்டாள் என்று அந்தப் பாட்டிலேயே தெளிவாக இருக்கிறது. ஆனாலும் கனவு காண்பவன் விடாமல் கேட்கிறான்: உனக்கு என்ன துக்கம்? விதியோடு சதுரங்கம் ஆடி ராணியை இழந்தேன் என்கிறான் அவன். ஒரு காய்க்காகவா இவ்வளவு அழுகை என்கிறான் இவன். அவள் எப்படிப் பேசுவாள், எப்படிப் பார்ப்பாள், முதல்முறை மறுத்து மறு ஆண்டு எப்படி இசைந்தாள் என்று எல்லாவற்றையும் சொல்லவைத்து, கடைசியில் இப்போது எங்கே அவள் என்று கேட்கிறான். இறந்துவிட்டாள் என்று அவன் பச்சையாகச் சொல்லும்போது கனவு முடிகிறது.

கேட்பவன் மந்த புத்திக்காரன் என்று சில விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பாட்டைக் கேட்டவுடனே உன் மனைவி இறந்துவிட்டாள் அல்லவா என்று பொருள் சொல்லியிருந்தால், துக்கப்பட்டவன் அவளைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டான். விடை தெரிந்தும் விடையை எதிராளியின் வாயால் வரவழைப்பது ஆலோசகனின் பொறுமை. ஒரு மனிதனைப் படிப்பதும் அவனுக்கு ஆறுதல் சொல்வதும் அங்கே ஒரே செயலாகிறது. அந்தக் கவிதை முழுவதும் ரேடன் என்ற சொல்லின் ஆலோசனைப் பொருளுக்கு விளக்கமாகவே எனக்குப் படுகிறது. இருபத்தைந்து முப்பது வயதில் ஒருவர் இதை எழுதினார் என்பது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

இத்தனை பொருளும் ஒரே சொல்லில் இருந்தது எல்லோருக்கும் நன்மையாக முடியவில்லை. படிப்பவனே பொருள் சொல்பவன், அவனே வழி சொல்பவன், பழைய பொருளில் அவனே ஆள்பவன் என்றால், எழுத்து தெரியாதவர் அவன் கையில் இருக்கிறார். வில்லியம் லாங்லண்டின் ‘உழவன் பியர்ஸ்’ கவிதையில் இந்த மோதல் நேரடியாக நடக்கிறது. பியர்ஸுக்கு ‘உண்மை’ என்ற உருவகப் பாத்திரத்திடமிருந்து ஒரு மன்னிப்பு ஓலை வந்திருக்கிறது. ஒரு பாதிரியார் முன்வந்து, உன் ஓலையை நான் படிக்க வேண்டும், ஒவ்வொரு வாசகத்துக்கும் ஆங்கிலத்தில் பொருள் சொல்கிறேன் என்கிறார். வினை ரேடன். பிரித்தால் இரண்டே வரி, லத்தீனில்: நன்மை செய்தவர் நித்திய வாழ்வுக்கு, தீமை செய்தவர் நித்திய நெருப்புக்கு. இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது என்கிறார் பாதிரியார். பியர்ஸ் கோபத்தில் ஓலையை இரண்டாகக் கிழிக்கிறான். கிழித்துவிட்டு சங்கீத நூலிலிருந்து லத்தீன் சொல்கிறான். உனக்குக் கொஞ்சம் எழுத்து தெரியும் போலிருக்கிறதே, யார் கற்றுக்கொடுத்தார் என்று பாதிரியார் வியக்கிறார். ஓர் உழவன் தானே படித்துத் தானே பொருள் கொள்ளும் அந்தக் கணத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. 1381இல் ஆங்கிலக் குடியானவர்கள் கலகம் செய்து, பல ஊர்களில் பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடி எரித்தார்கள். கலகத்தைத் தூண்டிய ஜான் பாலின் கடிதத்தில் பியர்ஸின் பெயர் வருகிறது. லாங்லண்ட் பிறகு தன் கவிதையைத் திருத்தி எழுதியபோது ஓலை கிழிக்கும் காட்சியை எடுத்துவிட்டார்.

அதே லாங்லண்ட் வேறோர் இடத்தில் பணக்காரர்களைப் பார்த்து, ஏழைகளிடம் இரக்கம் காட்டுங்கள் என்று அறிவுறுத்துகிறார். அந்த அறிவுறுத்தலுக்கும் இதே வினைதான்.

நீதிமன்றத்தில் இந்தச் சொல் உயிரைக் காத்தது. அக்காலத்தில் குருமாருக்கு அரசு நீதிமன்றம் மரண தண்டனை கொடுக்க முடியாது. தான் குரு என்று நிரூபிக்க வழி என்ன? லத்தீன் படித்துக் காட்ட வேண்டும். நாளடைவில் படிக்கத் தெரிந்த யாரும் அந்தச் சலுகையைக் கேட்கலாம் என்றாயிற்று. வழக்கமாகக் கொடுக்கப்பட்டது 51ஆம் சங்கீதத்தின் தொடக்கம். கடவுளிடம் இரக்கம் கேட்கும் வரி. கழுத்தைக் காப்பாற்றுவதால் அதற்குக் ‘கழுத்து வசனம்’ என்று பெயர் வந்தது. எழுத்து தெரியாதவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஏட்டைப் பார்த்தபடி ஒப்பித்தார்கள். குருவைப் போலப் படிக்கிறான் என்று எழுத்தர் லத்தீனில் குறித்துக்கொண்டார். 1598இல் சக நடிகர் ஒருவரைக் கத்திச் சண்டையில் கொன்ற நாடகாசிரியர் பென் ஜான்சன் தூக்கிலிருந்து தப்பியது இப்படித்தான்; கட்டை விரலில் சூடு மட்டும் போட்டார்கள். படிப்புச் சோதனை 1706வரை சட்டத்தில் இருந்தது. அதுவரை எத்தனையோ ஏழைகள் ஒரு வரி தெரியாததால் தூக்கில் தொங்கினார்கள் என்பதை நினைக்கும்போது, படிப்பைப் பற்றி நாம் எழுதும் மென்மையான வாக்கியங்கள் கூசுகின்றன.

நார்ஃபோக்கின் லின் நகரத்தில் 1373 வாக்கில் பிறந்த மார்ஜரி கெம்ப்புக்கும் எழுத்து தெரியாது. பதினான்கு பிள்ளைகள் பெற்றவர், எருசலேம்வரை யாத்திரை போனவர், கோயிலில் உரக்க அழுது ஊராரின் கோபத்தைச் சம்பாதித்தவர். ஒரு பாதிரியார் ஏழெட்டு ஆண்டு அவருக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார்: விவிலியமும் அதன் உரைகளும், சுவீடனின் புனித பிரிட்ஜெட் எழுதியது, வால்டர் ஹில்டன் எழுதியது. அவ்வளவையும் காதால் படித்த பெண் பிறகு தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்தார். முதலில் எழுதிய மனிதரின் கை ஆங்கிலமுமாக இல்லை, ஜெர்மனுமாக இல்லை. இரண்டாவது எழுத்தராக வந்த பாதிரியார் அதைப் படிக்க முடியாமல் பல ஆண்டு தள்ளிப்போட்டார். பிறகு மனசாட்சி உறுத்த, மார்ஜரியிடம் தனக்காக ஜெபிக்கச் சொல்லி எடுத்துப் பார்த்தபோது படிக்க வந்தது. பார்வை மங்கியது, மூக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை, மீண்டும் ஜெபம், மீண்டும் தெளிவு. 1436இல் அவர் எழுதத் தொடங்கினார். அந்தப் பாதிரியார் ஏட்டின் மீது குனிந்திருக்க, ஒவ்வொரு சொல்லாக மார்ஜரி பக்கத்தில் இருந்து உதவினார் என்று நூல் சொல்கிறது. எழுத்து தெரியாத பெண்ணின் துணையில்லாமல் எழுத்து தெரிந்தவரால் படிக்க முடியவில்லை. அந்த நூலின் ஒரே கையெழுத்துப் பிரதி ஒரு ஆங்கிலேயக் குடும்பத்தின் வீட்டில் 1934இல் வெளிப்பட்டது. ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று அதைச் சொல்கிறார்கள்.

இந்த வினை எப்போது உடைந்தது? ஒரே நாளில் அல்ல. நார்மானியர்களோடு வந்த பிரெஞ்சுச் சொற்கள் அரசவையிலும் மன்றத்திலும் ஆலோசனைத் தொழிலை மெல்ல எடுத்துக்கொண்டன. ‘கவுன்சில்’, ‘அட்வைஸ்’ ஆகியவை பதவியோடு வந்த சொற்கள். ரேடுக்கு வீட்டு முற்றமும் பாட்டும்தான் மிஞ்சின. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டில் ஒபீலியா தன் அண்ணனிடம் சொல்லும்போது ஆலோசனைப் பொருளில் ஒருமுறை வருகிறது. அப்போதே அது பழஞ்சொல். பின்னர் பழமையை விரும்பிய எழுத்தாளர்கள் அதை மீட்டபோது, படிப்பதற்கு உள்ள சொல்லோடு கலந்துவிடக் கூடாதென்று எழுத்துக்கூட்டலையே வேறாக்கிவிட்டார்கள். ஒரு சொல் அச்சில் இரண்டாகிவிட்டது.

இன்னொரு பக்கம், தனித்த வாசிப்பு வளர்ந்தது. சாசர் 1374 முதல் லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் வரிக் கணக்கைச் சரிபார்க்கும் அலுவலராக இருந்தார். ‘புகழின் மாளிகை’ கவிதையில் அவரைத் தூக்கிக்கொண்டு வானத்தில் பறக்கும் கழுகு கடிந்துகொள்கிறது: கணக்கெல்லாம் முடித்து வீடு திரும்பி, பக்கத்து வீட்டுச் செய்திகூடத் தெரியாமல், கல்லைப் போல ஊமையாக இன்னொரு புத்தகத்தின் முன் உட்கார்ந்து கண் மங்கும்வரை இருக்கிறாய். ஆங்கில இலக்கியத்தில் மௌன வாசகனின் மிகப் பழைய சித்திரங்களில் அது ஒன்று. அவனுக்கு யாரும் பொருள் சொல்லவில்லை, அவனும் யாருக்கும் சொல்லவில்லை. அந்தத் தனிமையில் ஒரு விடுதலை இருக்கிறது. பியர்ஸ் ஓலையைக் கிழித்துப் பெற விரும்பியது அதைத்தான். அந்த விடுதலையை நான் மதிக்கிறேன். அதனால்தான் பெண்களும் உழவர்களும் தங்களுக்குத் தாங்களே படித்தார்கள். 1409இல் பேராயர் ஆரண்டல் அனுமதியில்லாத ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்புகளைத் தடை செய்தபோது அஞ்சியதும் அதற்குத்தான்.

ஆனாலும் இழந்தது சிறிதல்ல. ரேடன் என்று சொன்னவர்களுக்குப் படித்து முடித்த பிறகு ஒரு பாக்கி இருந்தது. யோசேப்பு பார்வோனின் கனவைப் படித்ததோடு நிற்கவில்லை, ஏழு ஆண்டுப் பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்து வை என்றும் சொன்னான். அந்த இரண்டாவது வேலை இல்லாவிட்டால் முதலாவது முடிந்ததாக அவர்கள் எண்ணவில்லை. இன்று அறிக்கைகளைப் படிக்கிறோம், செய்தியைப் படிக்கிறோம், முகங்களைப் படிப்பதாகவும் சொல்லிக்கொள்கிறோம். படித்ததற்காக யாருக்கும் எதையும் சொல்லக் கடமைப்பட்டவர்களாக நம்மை நினைப்பதில்லை. இது முன்னேற்றம் என்று எவ்வளவு வாதிட்டாலும் என்னால் முழுமனதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இடைக்கால ஆங்கில அகராதியை இப்போது யாரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். ‘சீமாட்டியின் நூல்’ ஏறக்குறைய 1,300 வரிதான். இன்றைய ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர், அருஞ்சொற்பொருள் உள்ள ஒரு பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சில நாட்களில் கடந்துவிடலாம். தனியாகப் படிக்க வேண்டாம். ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, பொருள் என்னவென்று இருவருமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.